செம்பருத்தி உரம்

"சார், கொஞ்சம் மேல வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

மொட்டை மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா பொன்னியம்மா குரல் கொடுத்ததுமே ஸ்ரீகாந்துக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தான். அப்படியும் தாகம் அடங்கவில்லை.

"மாட்டிக்கிட்டீங்க," என்றாள் மனைவி அகல்யா. "அப்பவே உண்மையச் சொல்லிடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

விஷயம் இதுதான். நூம்பலில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து ஸ்ரீகாந்த் மாடியில் ஒரு டிரம்மில் காய்ந்த இலைகளைப் போட்டு உரம் தயாரிக்கிறான். சீக்கிரம் மக்கட்டும் என்று, மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாமல் தன் சிறுநீரையே கேனில் பிடித்து அதில் ஊற்றினான். எல்லாம் ஏதோ வீடியோவில் பார்த்த விஞ்ஞானம். அந்த உரத்தில் மாடித் தொட்டியிலிருந்த செம்பருத்தி பூத்துத் தள்ளியது.

அந்தப் பூவைப் பொன்னியம்மா தினமும் பறித்துப்போய் அம்மன் படத்துக்கு வைக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வந்தது வினை. "இன்னா உரம் போடுற நைனா, இப்டிப் பூக்குது?" என்று அவள் ஆசையாகக் கேட்க, "வெறும் காய்கறித் தோல்தாம்மா" என்று வாய் கூசாமல் புளுகினான்.

அன்றிலிருந்து மனசு அரித்தது. ராத்திரி தூக்கம் போனது. நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்தான். பேண்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனான். சாமி சும்மா விடுமா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் கேனை மட்டும் விட்டானா? அதுவும் இப்போதெல்லாம் சட்டுச் சட்டென்று நிறைந்துவிடுகிறதே!

படியேறி மாடிக்குப் போனான். கேன் பக்கத்தில் பொன்னியம்மா குனிந்து நின்றிருந்தாள். கேனின் வாயைச் சுற்றி எறும்பு அப்பியிருந்தது.

"இந்தக் கேன்ல இன்னா கீது?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டான்.

"மன்னிச்சிடுங்கம்மா! அது என்னோட... ஒண்ணுக்கு. உரத்துக்கு ஊத்துறேன். சாமிக்குப் போற பூன்னு தெரிஞ்சும் உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தப் பாவம்தான் என்னை இப்படி வாட்டுது. தூக்கமில்ல, உடம்பு உருகிப்போச்சு. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிடறேன்."

பொன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நழுவும் பேண்ட்டை அவன் ஒரு கையால் பிடித்திருந்ததையும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம்.

"அம்மன் கோச்சுக்க மாட்டா. எந்தச் செடி உரம் துன்னாம பூக்குது? நீ மொதல்ல வேலப்பன்சாவடி போயி ரத்த டெஸ்டு குடு. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் எறும்பு மொய்ச்சுது."

"எதுக்கும்மா?"

"உன்ன வாட்டுறது பாவம் இல்ல நைனா... சுகரு!"