மொக்கம்மாளின் யானை

எங்கே தொடங்கினாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. சாமி சம்பந்தப்பட்ட விஷயம். யானையிலிருந்தே தொடங்கிவிடலாம்.

ஜெர்மன்காரன் சண்டை தொடங்கிய வருஷம். சனீஸ்வரன் கோயில் உள்ள குச்சனூரின் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் மண் பொம்மை வகுப்பு நடந்தது. மாதர் சங்கம் அனுப்பிய ராஜாத்தி டீச்சர் சின்னமனூரிலிருந்து மாட்டு வண்டியில் வருவார். பொம்மை செய்யத் தெரியாத பெண்கள்தான் சேரலாம். எதைச் செய்தாலும், எப்படி வந்தாலும், அதை அவரவர் நடுவீட்டில் வைக்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். அப்போதுதான் கைக்கூச்சம் போகுமாம்.

மொக்கம்மாள் யானை செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருளம்மாள் குதிரை செய்தாள். இருளம்மாளின் புருஷன் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கிறாள். டீச்சர் கொடுக்கும் சுண்டலுக்காகத்தான் அவள் வகுப்புக்கு வருகிறாள் என்று ஊரில் பேச்சு.

பொம்மைகளை வெயிலில் வைத்துவிட்டு எல்லாரும் கை கழுவப் போனார்கள். திரும்பி வந்தபோது யானைக்குத் துதிக்கையைக் காணோம். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. மேலே ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. ஆட்கள் வந்தும் பறக்கவில்லை.

வகுப்புக்கு வந்திருந்த அக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நொண்டிக் காலு. மேல காக்கா. சனிக்கிழமை வேற. ஆத்தாடி, நம்ம சனீஸ்வரன்ல வந்து நிக்கிறாக.”

டீச்சர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“இது யார் செஞ்சது?” என்று கேட்டார்.

மொக்கம்மாள் யானையை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். மகள் பவுனுக்கு வரும் வெள்ளிக்கிழமை கம்பத்திலிருந்து பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுருளியம்மாள், பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்புகிறவள். நடுவீட்டில் சனியை வைத்துக்கொண்டு அவளை எப்படி உள்ளே கூப்பிடுவது?

“என்னுது குதிரை,” என்று மொக்கம்மாள், இருளம்மாள் செய்ததை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மற்றவர்களும் அவரவர் பொம்மையை எடுத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு நின்றது இருளம்மாள் மட்டும்தான்.

“அப்ப இது உன்னுதா?” என்றார் டீச்சர்.

இருளம்மாள் மொக்கம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். “நான் இன்னிக்கு ஒண்ணும் செய்யல டீச்சர். மதினிக்கு மண்ணு பிசைஞ்சு குடுத்தேன், அம்புட்டுத்தான்.”

“யாரும் செய்யாம எப்படி வரும்?”

“நம்ம கோயில் சாமிய யாரு செஞ்சாக?” என்றாள் அக்கம்மாள். “தானா வந்தவுகதானே. இவுகளும் தானாத்தான் வந்திருக்காக.”

எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். கடைசியில் டீச்சரும் செருப்பைக் கழற்றினார். யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்ற பேச்சு வந்தபோதுதான் கூட்டம் பின்வாங்கியது. அக்கம்மாள் வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது. இன்னொருத்தி மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. டீச்சருக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

“எந்தெந்த ஊர்ச் சனமோ வண்டி கட்டி வந்து இவுகளக் கும்பிடுது. இவுகளா வீட்டுக்கு வர்றேங்கிறாக, ஒருத்தி பாய் விரிக்க மாட்டேங்கிறீக,” என்று இருளம்மாள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “என்கிட்ட இனிமே கெடுக்குறதுக்கு என்ன இருக்கு. வாங்க சாமி, போவோம்.”

காகமும் பின்னாலேயே போனது. சுண்டல் அவள் மடியில்தான் இருந்தது.

மறுநாளே இருளம்மாள் குடிசைக்கு நல்லெண்ணெய் வந்தது, எள்ளுச்சாதம் வந்தது, கறுப்புத் துணி வந்தது. துணியில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள். சாதம் ஒரு நாளும் மிஞ்சவில்லை.

“மண்ணக் காட்டிச் சோறு திங்கிறா,” என்றாள் மொக்கம்மாள் கிணற்றடியில். சொன்ன பிறகு, யாராவது போய்ச் சாமியிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை சுருளியம்மாள் பூத்தட்டோடு வந்தாள். நடுவீட்டில் இருந்த குதிரையைப் பார்த்து, “என்ன அம்சமான கை சம்பந்தி உங்களுக்கு,” என்று மெச்சினாள். அதோடு விடவில்லை. “உங்க ஊருல தானா வந்த சாமி இருக்காகளாமே. அவுகளக் கும்பிட்டுட்டுத்தான் பூ வைப்பேன்.”

அப்படித்தான் மொக்கம்மாள், தான் செய்த யானையை ஒன்பது சுற்றுச் சுற்றி வந்தாள். விழுந்தும் கும்பிட்டாள். எழுந்திருக்கும்போது இருளம்மாள் அவளை அடுப்படிக்கு இழுத்துப்போய் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

விரல் நீளத்துக்கு ஒரு துதிக்கை.

“காக்கா கொத்திப் போட்டது மதினி. அன்னிக்கே எடுத்து முடிஞ்சு வச்சேன். இதப் பாத்தா யானைன்னு தெரிஞ்சிரும். சனியப் பிடிச்ச கை உங்க கைன்னு தெரிஞ்சா, பவுனுக்கு எவுக வந்து பூ வைப்பாக? இங்கன பிள்ளைக கையில ஆப்பட்டிரும். நீங்களே எங்கயாச்சும் ஒளிச்சு வையுங்க.”

மொக்கம்மாள் அதை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“அங்கன என்ன ரகசியம்?” சுருளியம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். “கையில என்ன சம்பந்தி?”

“பிரசாதம்.”

“எனக்கும் கொஞ்சம் குடுங்க.”

மொக்கம்மாள் துதிக்கையை முழுசாக வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒரு துணுக்கு விடாமல் மென்று விழுங்கினாள்.