சிரித்தால் திறக்கும்

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக மனைவி வான்மதி போனில் முனகியதுமே, மாசிலாமணி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். வீட்டுக் கதவு திறக்கவில்லை.

"பதற்றமாக இருக்கிறீர்கள். யாராவது உங்களை மிரட்டி அழைத்து வந்திருக்கலாம். அமைதியானதும் திறக்கிறேன்" என்றது கதவு.

வீட்டுக்காரரையே கத்திமுனையில் கூட்டிவந்து கொள்ளையடிக்கிறார்கள் என்று குடியிருப்புச் சங்கத்தில் பேச்சு வந்தபோது, முகத்தைப் பார்த்துத் திறக்கும் இந்தப் பூட்டுக்கு முதலில் கை தூக்கியவர் அவர்தான். திறக்கும்போதெல்லாம் வாசலில் நிற்பவரைப் படமெடுத்து உறவுக்காரர்களின் போனுக்கும் அனுப்பிவிடும் என்பது அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. "எந்நேரமும் மூஞ்சியப் படிச்சுக்கிட்டே இருக்குமே" என்று முணுமுணுத்த வான்மதியை, "தப்புப் பண்ணாதவனுக்கு என்னடி பயம்?" என்று வாயடைக்க வைத்திருந்தார்.

இப்போது அவருக்கே பயம் வந்தது. கதவை உதைத்தார், கெஞ்சினார். அது அசையவில்லை. போனில் கேட்டுக்கொண்டிருந்த முனகலும் நின்றுபோனது.

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த எதிர்வீட்டுப் பெண், "சிரிங்க சார்! நாங்கெல்லாம் அப்படித்தான் பண்றோம். சிரிச்சா திறந்துரும்" என்றாள்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்பவர்போலப் பல் தெரியச் சிரித்தார். கதவு திறந்தது.

ஆஸ்பத்திரியில் வான்மதி கண் விழிக்கவேயில்லை. ஊரிலிருந்து வந்து சேர்ந்த அவள் தம்பி செழியன், தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா உள்ள உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடந்திருக்கா. வாசல்ல நின்னு என்ன மாமா சிரிப்பு?"