ஃபிலிம் தீரும்வரை

முதல் போட்டோவில் நஞ்சுண்டன் சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டாவதிலும் சிரிப்புதான். நாலாவதில் கும்பிடு வேறு.

"கல்யாண வீட்டு வாசல்ல நின்னு ரிசீவ் பண்ற மாதிரி இருக்கு பாரு" என்று மகன் தீபக் படங்களை டைனிங் டேபிளில் போட்டான். "காட்டுல தொலைஞ்சு போன மனுஷன் பண்ற வேலையா இது?"

அவன் மனைவி வான்மதி டிவியிலேயே ஒரு கண் வைத்திருந்தாள். கீழே வாசல் லாபி கேமராவில் விழுவதெல்லாம் வீட்டு டிவியில் மூணாவது சானலில் ஓடுகிற கட்டடம் அது. கீழே வாக்கிங் போயிருக்கிற மாமனார் எந்த நிமிஷமும் வந்து நிற்பார், அதற்குள் பேசி முடித்தாக வேண்டும். வாசல் கதவைத் திறக்கச் சொல்லி வீட்டு நம்பரை அழுத்திக் கூப்பிட வராமல் அவர் முதல் வாரம் முழுக்கத் தடுமாறியபோது, "கேமரா முன்னாடி நில்லுங்கப்பா, போதும். வான்மதி பார்த்துக்குவா" என்று சுலபவழி சொல்லிக் கொடுத்தவன் தீபக்தான்.

போன சனிக்கிழமை கூத்து இது. இலை நிறம் மாறியிருக்கிறது, பார்க்கலாம் என்று தீபக்கும் நண்பன் சுப்பையனும் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜெர்சி சிட்டியிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் போனார்கள். எட்டு மாத வயிற்றோடு வான்மதி மட்டும் வீட்டில் இருந்துவிட்டாள்.

அரசாங்கக் காடு. மான் வேட்டைக்கும் திறந்துவிட்ட இடம். கொஞ்சம் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று மரங்களுக்குள் போன பெரியவர் வரவேயில்லை. ஆறு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள். இருட்டப் போகிற நேரத்தில் கென் என்கிற வேட்டைக்காரர்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

மான் எதிரே வந்தால் தானாகப் படம் எடுக்கிற கேமரா ஒன்றை கென் மரத்தில் கட்டி வைத்திருந்தாராம். ஃபிலிம் மாற்றப் போனபோது, அதன் எதிரே இவர் உட்கார்ந்திருந்தாராம். தீபக் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தான். இன்றைக்கு இருபத்து நாலு படமும் ஒரு கடிதமும் தபாலில் வந்து இறங்கிவிட்டன.

வான்மதி கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். "பொது நிலம், யாரும் நடக்கலாம். ஆனா அடுத்தவங்க கேமரா கண்ணுல பட்டா, தொடாம, முன்னாடி நிக்காம, சுத்திக்கிட்டுப் போறது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. உங்க அப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. ரோல் முழுக்க அவர்தான், மான் ஒண்ணுகூட இல்லை. எனக்குக் கோபம் இல்லை. படங்களை நீங்களே வச்சுக்கங்க."

"மானம் போச்சு" என்றான் தீபக்.

ஏழாவது படத்தில் நஞ்சுண்டன் வாயைத் திறந்து மரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பத்தாவதில் செருப்பைக் கழற்றி, வீங்கிப்போன கணுக்காலைத் தூக்கிக் காட்டினார். பதினைந்துக்கு மேல் சிரிப்பு இல்லை. கடைசி நாலைந்தில் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"நாப்பது வருஷம் காடு மேடெல்லாம் சுத்தின மனுஷன். வழி தேடாம, கத்தாம, ஒரு மரத்துக்கு வித்தை காட்டிட்டு உக்காந்திருக்காருன்னா புத்தி தடுமாறுதுன்னுதான் அர்த்தம்" என்றான் தீபக். "நான் தாமரை அக்காகிட்ட பேசிட்டேன். வர்ற சனிக்கிழமை டிக்கெட். அக்கா ஏர்போர்ட்டுக்கு வந்துடுவா."

"இன்னும் மூணு வாரந்தாங்க இருக்கு" என்றாள் வான்மதி. "குழந்தை மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்னு வந்தவரு."

"பிரசவத்தன்னைக்கு ஹாஸ்பிடல்ல உன்னைப் பார்ப்பேனா, இவரைத் தேடிட்டு அலைவேனா? நாளைக்குக் கைக்குழந்தையை ஒரு பத்து நிமிஷம் இவர்கிட்ட விட்டுட்டுக் குளிக்கப் போவியா நீ? சொல்லு."

அவள் ஒரு வாரமாக மாமனாருக்காகச் சண்டை போட்டவள்தான். மரத்தோடு பேசுகிற அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எதை வைத்துப் பேசுவாள்?

"சரிங்க. அனுப்பிடலாம்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

டிவியில் நஞ்சுண்டன் தெரிந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போய் வாசல் கதவு திறக்கிற பட்டனை அழுத்தினாள்.

லிஃப்ட்டில் ஏறி, காலை விந்தி விந்தி உள்ளே வந்தார் அவர். படங்களை ஒளித்து வைக்கத் தீபக்குக்கு நேரம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார்.

"அப்பா, இங்கெல்லாம் அடுத்தவங்க கேமரா முன்னாடி போய் நிக்கக் கூடாதுங்கப்பா. தப்பு அது" என்றான் தீபக். குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னான். "சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பறீங்க. அக்கா வீட்ல கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

நஞ்சுண்டன் அவனைப் பார்க்கவில்லை. கணுக்காலைத் தூக்கிக் காட்டுகிற படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் தெளிவாத்தான் விழுந்திருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"அன்னைக்கு நீ டிவியே போடலியா அம்மிணி?"