பட்டதாரி ஆம்புலன்ஸ்

கல்யாணத் தேதி குறிக்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் கையில் எடுத்தபோது சிதம்பரநாதனுக்கு நெஞ்சு வலித்தது. கைப்பேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். திரை வழக்கம்போலக் கேட்டது: "பட்டதாரி வேண்டுமா, சான்றிதழ்க்காரர் போதுமா?" பட்டதாரியை அழுத்தினார். வர முக்கால் மணி நேரமாகும் என்றது.

உடனே கல்யாணப் பெண்ணான மகள் தமயந்தி அழைத்தாள். சான்றிதழ்ப் படிப்பு முடித்து ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவள்.

"அப்பா, உங்க பேரைத் திரையில பார்த்தேன். என் வண்டி நம்ம தெருமுனையிலதான் நிக்குது. நீங்க சான்றிதழ்னு மாத்தி அழுத்தினாத்தான் வண்டிக் கதவே திறக்கும். சீக்கிரம்!"

சம்பந்தியம்மாள் பதறிப்போய் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். சிதம்பரநாதன் போனை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நீ டிகிரின்னு சொல்லித்தாம்மா இந்தச் சம்பந்தமே பேசியிருக்கேன். தயவுசெஞ்சு நீ மட்டும் வந்துடாதே."