பயன் சொல்ல வேண்டிய பாட்டு

"அந்தப் பாட்டை விட்டிட்டு அங்காலை போம் ஐசே."

"விட்டா உது புராணப் படிப்போ? நான் வாசிக்கிறன், நீர் பயனைச் சொல்லும். ஊருக்கெல்லாம் வாய் காட்டுவீர், இப்ப என்ன நடுக்கம்?"

1990, அளவெட்டியில் ஒரு கோயில் மண்டபம். பாட்டை வாசிக்கிற கந்தவனமும், அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்கிற பொன்னுத்துரை வாத்தியாரும் அடிக்குரலில் சண்டை பிடிக்கிறார்கள். மழை இருட்டு. ஜாம் போத்தல் விளக்கு காற்றில் சாய்ந்து சாய்ந்து எரிகிறது. அடுத்த பாட்டு, போரில் மகன் விழுவதைக் கண்ட தாயின் புலம்பல். தூணடியில் இராசமலர் இருக்கிறாள். அச்சுவேலியில் ஷெல் விழுந்து, கண்முன்னே மகன் செத்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கிறது. எல்லாருடைய கண்ணும் வெளியே பதுங்கு பங்கர்க் குழிக்குப் போகிறது. அவள் மட்டும் திரும்பவில்லை. கந்தவனம் இராகம் இழுத்து வாசிக்கிறார். பாட்டில் அந்தத் தாய் மகன் எங்கே, எங்கே என்று அடிக்கு அடி கேட்கிறாள். வாத்தியார் தொண்டையைச் செருமுகிறார். "புலவர் இதை ஒரு அழகுக்காக..."

"வாத்தியார்," என்கிறாள் இராசமலர். மண்டபமே திரும்புகிறது. "மகன் விழுந்ததை அவள் கண்டவள்தானே. பிறகேன் எங்கை, எங்கை எண்டு கேக்கிறாள்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பிறகும் துடைக்கிறார். பயன் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. கந்தவனத்தின் விரல் அந்த அடியிலேயே நிற்கிறது. அவள் வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்வரிசையில் இருக்கிற எனக்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் என்றால் அவளுக்கு என்ன சொல்லுவீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.