குட்டிகளைப் பார்த்துக்கொண்ட கோழி

வேலைக்குப் போகும் அம்மாக்களின் குட்டிகளைக் கோழி தன் வீட்டு மரத்தடியில் வைத்துப் பார்த்துக்கொண்டது. ஒருநாள் மதியம் குரங்குக்குட்டி முதல்முறையாகக் கிளைவிட்டுக் கிளை தாவியது. கோழிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் முதல் தாவலைப் பார்க்காமல் போனோமே என்று பெற்றவள் மனசு நோகும், அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவுசெய்தது.

சாயங்காலம் அம்மாக் குரங்கு வந்ததும் குட்டி மறுபடி தாவியது.

“என்னைப் பார்த்ததும் தாவுறான் பாருங்க! பகலெல்லாம் சும்மா உட்கார வெச்சிருந்தீங்களா, அக்கா?”

கோழிக்குச் சுருக்கென்றது. மறுநாள் அணில்குட்டி முதல்முறையாக மரமேறியதை, அதன் அம்மா வந்தவுடனே கோழி சொல்லிவிட்டது.

அம்மா அணிலின் முகம் தொங்கிப்போனது. “நான் இல்லாதப்போ யாரைக் கேட்டு ஏறவிட்டீங்க?”

அதிலிருந்து கோழி குட்டிகளைக் காலையிலேயே தூங்கவைத்து, அம்மாக்கள் வரும்போதுதான் எழுப்புகிறது. இப்போது ஊரெல்லாம் அதற்கு நல்ல பேர்.