ஆற்றுப் பக்கம் ஒரு குரல்

மில்பிடாஸ் நகரிலிருந்து ட்ரவுட் மீன் பிடிக்க மலைக்கு வந்த அன்றே முகிலனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கூடாரத்தைச் சுற்றி முழங்காலளவு பனி. உடன் வந்த நண்பன், நீச்சல் தெரியாத சபரிநாதன், தனியாகத் தூண்டிலோடு ஆற்றுக்குப் போய், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற அந்த ஆற்றின் விதிப்படி, சீக்கிரமே வெறுங்கையோடு திரும்பினான்.

“பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்துல விடுறதுக்காடா லீவு போட்டு வந்தோம்?” என்று கிண்டலடித்தபடி முகிலன் ஃபிளாஸ்க்கிலிருந்து ரசம் ஊற்றிக் கொடுத்தான்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து சபரியின் குரல் கேட்டது. “முகிலா, வழுக்கிட்டேன்டா! தண்ணி இழுக்குது, கை குடுடா!”

எதிரே ரசம் குடித்துக்கொண்டிருந்த சபரி நிமிர்ந்தான். “யார்றா அது, என்னை மாதிரியே கத்துறான்?”

முகிலன் எழ முயன்றான்; கால் தாங்கவில்லை. தவழ்ந்து கூடார வாசலுக்குப் போவதற்குள் குரல் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தான். அதுவரை உலர்ந்திருந்த சபரியின் ஸ்வெட்டர், இடுப்பிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நனைந்துகொண்டிருந்தது.

“எனக்கு ஏன்டா இப்படிக் குளிருது?” என்றான் சபரி.